ஊசி பிடிக்க முன் ஒரு கணக்கு: குறுக்குத் தையல் வேலையின் முடிந்த அளவைக் கண்டுபிடித்தல்

குறுக்குத் தையல் உங்களிற் பலருக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் மனைப்பொருளியல் பாடத்தில் பழகியிருப்பீர்கள். அல்லது அம்மாவோ அம்மம்மாவோ தைத்த 'நல்வரவு' ஒன்று கண்ணாடி போட்ட பிறேமுக்குள் முன் விறாந்தைச் சுவரில் தொங்கியது நினைவிருக்கும். நலன்புரி நிலையத்தில் இருந்த காலத்தில் பொழுது போகாமல் தைத்தவர்களும் உண்டு. ஆகவே ஊசியை எங்கே குத்துவது, எங்கே எடுப்பது என்பதை இந்தப் பாடத்தில் நாங்கள் சொல்லவில்லை. தைத்து முடித்தால் அந்த வேலை எத்தனை அங்குலம் வரும் என்பதை, தைக்கத் தொடங்க முன்னரே கண்டுபிடிக்கும் முறையைத்தான் இங்கே தருகிறோம்.

இது ஏன் முக்கியம் என்று கேட்கலாம். ஊர் திரும்பிய ஒரு தாய் இரண்டு மாதம் இரவிரவாக விளக்கு வைத்துத் தைத்த 'நல்வரவு', வீட்டில் மிஞ்சியிருந்த பிறேமுக்குள் போகவில்லை. இரண்டு பக்கமும் முக்கால் அங்குலத்துக்குக் கிட்ட வெளியே நின்றது. தையலில் ஒரு பிழையும் இல்லை. மாதிரியும் சரி. துணிதான் வேறு. வீட்டுக்கென்று தைத்ததால் மனவருத்தத்தோடு போயிற்று. வேறொருவர் கேட்டுத் தைத்துக் கொடுத்ததாக இருந்தால், துணிக்கும் நூலுக்கும் போட்ட காசும் இரண்டு மாத உழைப்பும் சேர்ந்து போயிருக்கும்.

மாதிரியில் அளவு இல்லை

முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான். மாதிரித் தாளில் இருப்பது சதுரங்கள் மட்டுமே. ஒரு சதுரம் ஒரு தையல். அந்தத் தையல் பெரிதாக வருமா சிறிதாக வருமா என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் எடுக்கும் துணி. தாளில் மயில் ஒரு சாண் உயரம் இருப்பதால் துணியிலும் ஒரு சாண் வரும் என்று எண்ணக்கூடாது. அதே மாதிரியைப் போட்டோக் கொப்பி எடுக்கும்போது பெருப்பித்து எடுத்தாலும் தைக்கும் அளவு மாறாது. சதுரங்களின் எண்ணிக்கை அதேதான்.

எனவே மாதிரியை எடுத்து, படம் மிகவும் அகலமாக இருக்கும் இடத்தில் இடமிருந்து வலமாகச் சதுரங்களை எண்ணுங்கள். பிறகு மிகவும் உயரமான இடத்தில் மேலிருந்து கீழாக எண்ணுங்கள். வெறுமையான ஓரத்தை எண்ண வேண்டாம். முதல் நிறச் சதுரத்தில் தொடங்கிக் கடைசி நிறச் சதுரத்தில் முடியுங்கள். அச்சிட்ட மாதிரிகளில் பத்துச் சதுரத்துக்கு ஒரு தடித்த கோடு இருக்கும். அதைப் பார்த்துப் பத்துப் பத்தாக எண்ணினால் தவறாது. நீங்களே மாதிரி வரைபவராயின், பிள்ளைகளின் பழைய சதுர றூள் கொப்பி போதும். பத்துக்கு ஒரு கோட்டைச் சிவப்புப் பேனையால் தடித்து விடுங்கள்.

இந்தப் பாடம் முழுவதும் ஒரு மாதிரியை வைத்துக் கணக்குச் செய்வோம். நடுவில் 'நல்வரவு', இரு பக்கமும் ஒவ்வொரு மயில். அகலம் 126 சதுரம், உயரம் 84 சதுரம்.

துணியின் எண்

குறுக்குத் தையலுக்கென்றே நெய்த துணிக்கு அயிடா என்று பெயர். கிட்டப் பிடித்துப் பார்த்தால் சின்னச் சின்னக் கட்டங்களாகவும், கட்டத்தின் நான்கு மூலையிலும் துளைகளாகவும் தெரியும். ஒரு அங்குல நீளத்தில் எத்தனை கட்டம் இருக்கிறதோ அதுவே அந்தத் துணியின் எண். கடையில் கவுண்ட் என்பார்கள். வழக்கமாகக் கிடைப்பவை 11, 14, 16, 18.

இங்கேதான் பலர் தலைகீழாக நினைத்துவிடுகிறார்கள். எண் கூடினால் படம் பெரிதாக வராது, சிறிதாகத்தான் வரும். ஒரு றாத்தல் பாணை 11 துண்டாக வெட்டுவதையும் 18 துண்டாக வெட்டுவதையும் நினைத்துப் பாருங்கள். 18 துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் மெல்லியதாகத்தான் இருக்கும். துணியும் அப்படியே.

இனிக் கணக்கு. சதுரங்களின் எண்ணிக்கையைத் துணியின் எண்ணால் பிரியுங்கள். வருவது அங்குலம்.

எங்கள் மாதிரியை 14 எண் துணியில் தைத்தால் அகலம் 126ஐ 14ஆல் பிரிக்க 9 அங்குலம். உயரம் 84ஐ 14ஆல் பிரிக்க 6 அங்குலம். அதே மாதிரி 11 எண் துணியில் ஏறக்குறைய பதினொன்றரை அங்குல அகலமும் 7.6 அங்குல உயரமும் வரும். 16 எண்ணில் 7.9க்கு 5.25. 18 எண்ணில் 7க்கு 4.7. கைத்தொலைபேசியில் கணிப்பான் இருக்கிறது. தசமத்துக்குப் பின் ஒரு இலக்கம் வரை பார்த்தால் போதும்.

மேலே சொன்ன தாயின் கணக்கும் இதுதான். பிறேம் 10க்கு 8 அங்குலம். 14 எண் துணியாக இருந்திருந்தால் 9க்கு 6 அங்குலப் படம் அதற்குள் அளவாக உட்கார்ந்திருக்கும். கையில் கிடைத்தது 11 எண் துணி. பதினொன்றரை அங்குலம் பத்துக்குள் எப்படிப் போகும்?

அங்குலமும் சென்ரிமீற்றரும்

சில துணிகளின் உறையில் அங்குலக் கணக்கு இராது. 10 சென்ரிமீற்றருக்கு 55 கட்டம் என்று போட்டிருக்கும். அதாவது ஒரு சென்ரிமீற்றருக்கு ஐந்தரை. அது 14 எண் துணியேதான். 10 சென்ரிமீற்றருக்கு 44 என்றால் அது 11 எண். அப்படிப்பட்ட துணியில் 126ஐ 5.5ஆல் பிரியுங்கள். 22.9 வரும். இந்த முறை கிடைப்பது சென்ரிமீற்றர். ஒரு அங்குலம் 2.54 சென்ரிமீற்றர் என்பதால் இரண்டு வழியிலும் விடை ஒன்றே.

பிழை வருவது இரண்டையும் கலக்கும்போது. அளவு நாடாவின் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்ரிமீற்றர். பிறேமை ஒரு பக்கத்தால் அளந்து, துணியை மறுபக்கத்தால் கணக்கிட்டுவிட்டால் எல்லாம் குழம்பிவிடும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சென்ரிமீற்றரில் பழகுகிறார்கள், பெரியவர்களுக்கு அங்குலந்தான் கை வந்தது. எதுவானாலும் ஒரு வேலை முடியும் வரை ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: பழைய துணி நாடா இழுபட்டு நீண்டிருக்கும். பிள்ளையின் அடிமட்டத்தோடு வைத்து ஒரு தடவை ஒத்துப் பாருங்கள்.

பிறேமில் இருந்து பின்னோக்கி

பலருக்கு நிலைமை மறுவளமாக இருக்கும். படம் போய்விட்டது, பிறேம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அல்லது கேட்பவர், "இந்த அளவுக்குத்தான் வேண்டும் அக்கா" என்று பிறேமையே கையில் தந்துவிடுவார். (இடிந்த வீட்டுக் குவியலுக்குள் பிறேம் தேடிப் போகாதீர்கள். கண்ணிவெடி அகற்றி முடிந்தது என்று அறிவிக்கப்படாத இடத்தில் எந்தப் பொருளுக்காகவும் கிண்ட வேண்டாம்.)

பிறேமின் வெளி விளிம்பை அளக்கக்கூடாது. முன்பக்கமாக வைத்து, கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் அளக்க வேண்டும். அதிலிருந்து ஒவ்வொரு பக்கமும் குறைந்தது அரை அங்குலம் வெறும் துணி தெரிய விடுங்கள். ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும் படம் அழகாக இராது. தெரியும் பகுதி 10க்கு 8 என்றால் படத்துக்கு உள்ள இடம் 9க்கு 7. இப்போது பிரிப்பதற்குப் பதிலாகப் பெருக்குங்கள். 14 எண் துணியில் 9 தடவை 14 என்பது 126. 7 தடவை 14 என்பது 98. ஆக 126க்கு 98 சதுரத்துக்கு மேற்படாத எந்த மாதிரியும் அந்தப் பிறேமுக்குப் போகும். 11 எண் துணியாக இருந்தால் 99க்கு 77 சதுரந்தான் இடம்.

மாதிரி கொஞ்சம் பெரிதாக இருந்தால் உடனே கைவிட வேண்டியதில்லை. ஒரு எண் கூடிய துணி கிடைக்குமா என்று பாருங்கள். இல்லையென்றால் மாதிரியின் ஓரக்கரையை விட்டுவிடலாம். நடுப்படத்துக்குள் இரண்டு வரிசையைக் குறைக்கப் பார்க்காதீர்கள். எழுத்தும் முகமும் கோணிப்போகும்.

வெட்டும் அளவு வேறு

9க்கு 6 என்பது தைத்த பகுதியின் அளவு. துணியை அந்த அளவுக்கு வெட்டிவிட்டால் வளையத்தில் பூட்டவும் முடியாது, பிறேமுக்குப் பின்னால் மடித்து இழுக்கவும் முடியாது. பிறேம் போடும் வேலைக்கு நாலு பக்கமும் 3 அங்குலம் விடுங்கள். அதாவது அகலத்துக்கு 6, உயரத்துக்கு 6 கூட்ட வேண்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் கூட்டிவிட்டு மறுபக்கத்தை மறப்பதுதான் வழக்கமான பிழை. எங்கள் மாதிரிக்குத் துணி 15க்கு 12 அங்குலம். சின்னப் பூ, புத்தக அடையாளம் போன்றவற்றுக்கு ஒன்றரை அல்லது 2 அங்குலம் போதும்.

துணியை வாங்கியவுடன் வெட்டாதீர்கள். ஒரு தடவை தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, நிழலில் காயப்போட்டு, இஸ்திரி போட்ட பிறகு அளவுங்கள். பருத்தித் துணி முதல் தண்ணீரில் சுருங்கும். தைத்த பின் சுருங்கினால் நீங்கள் போட்ட கணக்கும் சேர்ந்து சுருங்கிவிடும்.

குழுவாகத் தைப்பவர்கள் வெட்டும் திசையையும் கணக்கிட வேண்டும். உங்கள் கையில் 45க்கு 36 அங்குலத் துணி ஒன்று இருக்கிறதென்று வைப்போம். 45 அங்குலப் பக்கத்தில் 15 அங்குலத் துண்டு மூன்று வரும். 36 அங்குலப் பக்கத்தில் 12 அங்குலத் துண்டு மூன்று வரும். மொத்தம் ஒன்பது, ஒரு அங்குலமும் வீண் இல்லை. திருப்பி வைத்து வெட்டினால் 45இல் 12 மூன்று, 36இல் 15 இரண்டு. ஆறு துண்டுதான். அதே துணிதான், ஆனால் மூன்று பேருக்குத் துணி இல்லாமற் போகிறது. கத்தரிக்கோல் எடுக்க முன் கொப்பியில் ஒரு பெட்டி கீறிப் பாருங்கள்.

எண் தெரியாத துணியும் சாக்கும்

உறை இல்லாமல், துண்டாகக் கிடைத்த துணியின் எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். துணியின் மேல் அடிமட்டத்தை வைத்து, 2 அங்குலத்துக்குள் எத்தனை கட்டம் என்று ஊசி முனையால் தொட்டுத் தொட்டு எண்ணுங்கள். பாதியாக்கினால் எண் வந்துவிடும். 28 கட்டம் என்றால் 14 எண் துணி. துளைகளை எண்ண வேண்டாம், கட்டங்களை எண்ணுங்கள். 28 கட்டத்துக்கு 29 துளை இருக்கும்.

அயிடா கிடைக்காத இடத்தில் சணல் சாக்கில் தைப்பவர்கள் இருக்கிறார்கள். நன்றாகக் கழுவி எடுத்தால் பைக்கும் சுவர்த் தொங்கலுக்கும் நல்ல துணி அது. ஆனால் சாக்கு, கைத்தறித் துணி போன்றவற்றில் குறுக்கே உள்ள எண்ணும் நெடுக்கே உள்ள எண்ணும் ஒன்றாக இராது. இரண்டையும் தனித்தனியே எண்ண வேண்டும். குறுக்கே ஒரு அங்குலத்தில் 11 இழை, நெடுக்கே 10 இழை என்று வைப்போம். ஒரு இழைக்கு ஒரு தையலாக 60க்கு 60 சதுரமுள்ள வட்டப் பூவைத் தைத்தால் அகலம் ஐந்தரை அங்குலம், உயரம் 6 அங்குலம். வட்டம் முட்டை வடிவாக வந்துவிட்டது. பூவுக்கு அது பெரிய குறையில்லை. ஆனால் சதுரமான மேசைத் துண்டுக்கும் எழுத்துக்கும் கண்ணில் படும். முன்கூட்டியே தெரிந்தால் உயரத்தில் சில வரிசை குறைத்து மாதிரியை வரையலாம்.

இழை மெல்லியதாக இருந்தால் இரண்டு இழைக்கு ஒரு தையலாகத் தைப்போம். அப்போது துணியின் எண்ணைப் பாதியாக்கிய பிறகே பிரிக்க வேண்டும். அங்குலத்துக்கு 28 இழையுள்ள துணி இரண்டு இழைத் தையலுக்கு 14 எண் துணியாகிவிடும். இதை மறந்தால் நினைத்ததைப் போல் இரண்டு மடங்கு அகலத்தில் படம் வரும். துணி பாதியிலேயே முடிந்துவிடும்.

மேசை விரிப்பின் கரை

திரும்பத் திரும்ப வரும் பூக்கரைக்குக் கணக்கு இன்னும் ஒரு படி கூட. 11 எண் துணியில் 36 அங்குல மேசை விரிப்பு என்றால் ஒரு பக்கத்துக்கு 396 தையல். பூ ஒன்று 18 சதுரம், அடுத்த பூவுக்கு இடையில் 6 சதுரம் என்றால் ஒரு தடவைக்கு 24. 396ஐ 24ஆல் பிரித்தால் பதினாறரை. கணக்குப் பார்க்காமல் ஒரு மூலையில் தொடங்கியவர் மறு மூலையில் அரைப் பூவோடு நிற்பார். நாலு பக்கமும் அதே கதை.

முழுப் பூ பதினாறு எடுங்கள். கடைசிப் பூவுக்குப் பின் இடைவெளி தேவையில்லை என்பதால் 16 தடவை 24இல் 6ஐக் கழிக்க 378. மிச்சம் 18 தையல். அதைப் பாதியாக்கி, இரு முனையிலும் ஒன்பது ஒன்பது கட்டம் வெறுமையாக விட்டால் சரி. அல்லது விரிப்பை அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்தால் பதினேழு பூவும் சரியாக வரும், அதற்கு 402 தையல். துணி தாராளமாக இருந்தால் இரண்டாவது வழிதான் அழகு.

எந்த வேலையானாலும் தைக்கத் தொடங்குவது நடுவிலிருந்து. துணியை நாலாக மடித்தால் நடு தெரியும். மாதிரியிலும் அகலத்தைப் பாதி, உயரத்தைப் பாதி எடுத்தால் நடுச் சதுரம் கிடைக்கும். மூலையில் தொடங்கினால் சின்னப் பிழையும் ஒரு பக்கத்துக்கே சேர்ந்துகொண்டு போகும்.

நூலும் நாளும்

அளவு தெரிந்த பின் நூலைக் கணக்கிடலாம். ஆறு இழையுள்ள நூற்கட்டு ஒன்று வழக்கமாக 8 மீற்றர். 14 எண் துணியில் இரண்டிழை சேர்த்துத் தைத்தால், வெட்டிப் போடும் துண்டுகள் போக, ஒரு கட்டில் ஏறக்குறைய 1,800 தையல் தைக்கலாம். 11 எண் துணியில் மூன்றிழை சேர்த்தால் ஏறக்குறைய 1,000தான் வரும். மயிலின் பச்சை மட்டும் 3,000 சதுரம் என்றால் 14 எண் துணிக்கு இரண்டு கட்டு வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். ஒரே நிற இலக்கமாக இருந்தாலும், பிறகு வாங்கும் கட்டின் சாயம் சற்றே மாறி, மயிலின் கழுத்தில் கோடு விழுந்தது போலத் தெரியலாம். ரவுணுக்கு இன்னொரு முறை பஸ் ஏறும் செலவும் இருக்கிறது.

விற்பதற்குத் தைப்பவர்கள் நாளையும் கணக்கிட வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்து, ஒரு மணித்தியாலத்தில் எத்தனை தையல் தைக்கிறீர்கள் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். 120 வந்தால், நிறமுள்ள சதுரம் 4,500 கொண்ட வேலைக்கு முப்பத்தேழரை மணித்தியாலம். சமையல், தண்ணீர் அள்ளல், பிள்ளைகள், தோட்டம் எல்லாம் போக நாளுக்கு இரண்டு மணித்தியாலந்தான் கிடைக்குமென்றால் பத்தொன்பது நாள். "ஒரு கிழமையில் தருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கண் வலிக்க இராமுழுக்க இருக்காதீர்கள். விலை சொல்லும்போதும் துணிக் காசு, நூற் காசு மட்டும் பார்க்காமல் இந்த மணித்தியாலங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரிய படம் என்பதால் விலை கூட என்பதில்லை. 18 எண் துணியில் தைத்த சின்னப் படத்திலும் அதே எண்ணிக்கைத் தையல் இருக்கிறது, கண்ணுக்கு வேலை இன்னும் கூட.

செய்து பாருங்கள்

தலையணை உறையின் மூலைக்கு ஒரு பூ, 70க்கு 56 சதுரம், 14 எண் துணித் துண்டில் தைத்து உறையில் வைத்துத் தைக்கப் போகிறீர்கள். நாலு பக்கமும் 2 அங்குலம் விட்டால் எவ்வளவு துணி வெட்ட வேண்டும்? விடை: பூ 5க்கு 4 அங்குலம், துணி 9க்கு 8.

கண்ணாடியில் தெரியும் பகுதி 12க்கு 10 அங்குலம். மாதிரி 150க்கு 110 சதுரம். கடையில் 11, 14, 16 எண் துணிகள் இருக்கின்றன. எதை வாங்குவது? விடை: 11இல் 13.6க்கு 10 வரும், போகாது. 14இல் 10.7க்கு 7.9, நன்றாகப் பொருந்தும். 16இல் 9.4க்கு 6.9, போகும், ஆனால் சுற்றிவரக் கூட வெறுமை தெரியும். 14ஐ வாங்குங்கள்.

சாக்கில் குறுக்கே அங்குலத்துக்கு 11, நெடுக்கே 10 இழை. ஒரு இழைக்கு ஒரு தையலாக, 6 அங்குலச் சதுரமாகவே முடிய வேண்டிய துண்டுக்கு மாதிரியை எத்தனை சதுரத்தில் வரைய வேண்டும்? விடை: அகலத்துக்கு 66, உயரத்துக்கு 60. கொப்பியில் நீளம் கூடியது போலத் தெரியும். சாக்கில் சதுரமாகவே வரும்.